முத்துச்செல்வி கட்டிய அடுப்பு

“சாராயம் காய்ச்சினதை யாரு பாத்தா? நீ பாத்தியா? மோந்து பாத்தியா? ஊத்திக் குடிச்சிப் பாத்தியா?”

ரேஷன் கடை வரிசையில் பிரேமா போட்ட சத்தத்தில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முன்னால் நின்ற தங்கபுஷ்பம் மட்டும் திரும்பவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் என்னத்தக் கண்டேன் பிரேமா. ஊரு சொல்லுது, நானும் சொல்லுதேன். போலீசு ஜீப்பு வந்திச்சுல்லா? சும்மாவா வருவாவ?”

“வந்தாவ. வந்து என்னத்த எடுத்துக்கிட்டுப் போனாவ? சாம்பலையா அள்ளிக்கிட்டுப் போனாவ?”

“ஒண்ணுமில்லேன்னா அவ எதுக்குளா விடியமுன்ன எவனுக்கும் தெரியாம ஓடிப் போனா?”

“விடியமுன்னயா!” பிரேமா ஒரு எட்டு முன்னால் வந்தாள். “மத்தியானம், ஊரு பாக்க, நடுத்தெருவுல நடந்து போனா. உன் வாசலைத் தாண்டித்தான் போனா. நீ கதவிடுக்குல மூக்கை வச்சுக்கிட்டு நின்னே. இல்லேன்னு சொல்லு பாப்போம்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“ஓரகத்திக்கு ஓரகத்தி இப்பிடி வக்காலத்து வாங்கி நான் பாத்ததே இல்ல தாயி,” என்றாள் தங்கபுஷ்பம்.

“இப்பப் பாத்துக்கோ.”

வெளியே இப்படி வாய் கிழியப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் பிரேமாவுக்கு ஒரு வேலை ஓடாது. எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஆனாலும் நடந்ததென்று மனசு இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று திறந்து திறந்து பார்க்கிறாள். ஊரில் ஆளுக்கு ஒரு கதை ஓடுகிறது. ஓடட்டும். முத்துச்செல்வி யார், அவள் என்ன செய்தாள் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் ஞாயம்.

உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரி முடிந்து கடல்காற்று தொடங்குகிற இடத்தில் அவர்கள் வீடு. மாமியார் சண்முகத்தாய்க்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் பிரேமா. அவள் புருஷன் சங்கரபாண்டியன் சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊர் வந்து போவார். இளையவள் முத்துச்செல்வி. அவள் புருஷன் விஜயராஜ் தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கட்கிழமை விடிய பஸ் ஏறிவிடுவான். ஆம்பிளைகள் இரண்டு பேரும் வெளியில் இருக்கிற வீட்டில், மாமனார் விட்டுப்போன கருப்பட்டி யாவாரத்தைத் தூக்கி நிறுத்தியவள் முத்துச்செல்வி.

சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்தவள். மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. அவள் சிரித்தால் கிணற்றுச் சுவரில் இருக்கிற காக்கை எழுந்து பறக்கும். சமையல் வராது. குழம்பில் ஒருநாள் உப்புக் கரிக்கும், ஒருநாள் உப்பே இருக்காது. ஆனால் கெட்டுப்போன சாமான் எதையாவது கண்டுவிட்டால் கை சும்மா இருக்காது. மிக்சியைப் பிரித்து மாட்டுவாள். மிக்சி ஓடும், ஒரு திருகாணி மட்டும் மிச்சமாகக் கையில் இருக்கும். அதைப் பொட்டு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, “வேண்டாத திருகாணிக்கா, கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்” என்பாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி மாமியார் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறேன் என்பதை மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொள்வாள்.

கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோடையில் பதநீர் காய்ச்சி எடுத்த கருப்பட்டியை ஓலையில் சிப்பம் சிப்பமாகக் கட்டிப் புறவாசல் அறையில் அடுக்கி வைப்பார்கள். அதை நல்ல விலைக்கு விற்கிற காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மழைக்காலம்தான் அதற்கு எமனும். ஈரக்காற்றுப் பட்டால் கருப்பட்டி முதலில் வியர்க்கும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு இளகிவிடும். அதற்காக இரும்புச் சட்டியில் தேங்காய்மட்டைக் கங்கு போட்டு அறைக்குள் மூட்டம் வைப்பார்கள். கங்கு கூடினால் ஓலையில் தீப்பிடிக்கும். குறைந்தால் புகைதான் மிச்சம். தூத்துக்குடிக் கடைக்காரர் போன் போட்டு, “என்னம்மா, காப்பியில புகை நாத்தம் அடிக்கே” என்பார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழியில் கொட்டியது மழையென்று சொல்லக் கூடாது. வானத்தில் குளம் உடைந்த மாதிரி. தண்ணீர் வடிந்தபிறகு அறையைத் திறந்தபோது பிரேமாவும் கூட நின்றாள். சிப்பங்கள் வைத்தது வைத்தபடி அடுக்காக நின்றன. “அப்பாடா” என்று முத்துச்செல்வி ஒன்றைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கிய வேகத்தில் மல்லாக்க விழப்போனாள். உள்ளே கருப்பட்டி இல்லை. வெறும் ஓலைக்கூடு. அடுத்ததும் கூடு. அதற்கடுத்ததும் கூடு. ஒரு கோடை முழுக்கச் சேர்த்த சரக்கு பாகாக இறங்கித் தரையில் பரவி, சுவரோரம் எறும்பு கறுத்துக் கிடந்தது.

பிரேமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். முத்துச்செல்வி பாகில் பாதம் ஒட்ட நின்றுகொண்டு அந்த வெறுங்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

“அடுத்த மழைக்கு இது நடக்காதுக்கா,” என்றாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அக்கா, இங்கன பாருங்க.” போனில் ஒரு வெள்ளைக்காரர். சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்கிறது. ஒரு டிரம்மைக் கவிழ்த்து வைத்து, குழாயை நீளமாக ஓடவிட்டு, கோழிக்கூண்டுக்குச் சூடு ஏற்றுகிறார். அவர் பேசியது இரண்டு பேருக்கும் புரியவில்லை.

“ஏளா, நம்ம ஊரு வெயிலுக்குச் சூடு காய அடுப்பா? உனக்குப் புத்தி கலங்கிட்டா?”

“அவருக்குக் குளிரு. நமக்கு ஈரம். ரெண்டுக்கும் சூடுதானக்கா வேணும்? இதுல புகையும் உள்ள வராது, தீயும் உள்ள வராது. டிரம்மும் குழாயும் காயும், அதுல அறை காயும். இதுக்குப் பேரு ராக்கெட் அடுப்பாம்.”

ராக்கெட் என்ற வார்த்தை வெளியே போனதும் ஊருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்கள் அல்லவா? “குலசையில விடப்போறது பத்தாதுன்னு சண்முகத்தாய் வீட்டுல இருந்தும் ஒண்ணு கெளம்புதாமே” என்று டீக்கடையில் சிரித்தார்கள். “நிலாவுக்குப் போனா எனக்கும் ஒரு சீட்டு போடு” என்று தங்கபுஷ்பமே சொன்னாள். முத்துச்செல்வியும் சேர்ந்து சிரித்தாள். வீடியோவை விஜயராஜுக்கும் அனுப்பினாள். அவன் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான். “அவிய சரின்னுட்டாவ” என்று போனை எல்லாருக்கும் காட்டினாள்.

மணப்பாட்டில் படகு இன்ஜின் பார்க்கிற இனிகோவிடம் போய், பழைய எண்ணெய் டிரம் ஒன்றுக்கு வாய் வெட்டி வாங்கி வந்தாள். செங்கல்லும் செம்மண்ணும் கொல்லையிலேயே கிடந்தன. அடுப்பின் அமைப்பு இதுதான்: விறகு வைக்க ஒரு சின்ன வாய், அங்கிருந்து நெருப்பு மேலே ஏற ஒரு செங்குத்துக் கூண்டு, கூண்டின் மேல் டிரம்மைக் கவிழ்த்து, விளிம்பு முழுக்க மண் பூசி அடைக்க வேண்டும், மேலே மோதித் திரும்புகிற சூடு டிரம்முக்குள் இறங்கி, தரையோரம் படுத்திருக்கிற குழாய்க்குள் போய், சுவரைத் தாண்டி வெளியேற வேண்டும்.

முதல் தடவை மூட்டியபோது புகை வெளியேறவில்லை. போன வழியே திரும்பி வந்தது. அறைக்குள்ளிருந்து இருமிக்கொண்டு வந்தவளைப் பார்த்து மாமியார், “ஐயோ, எம்மா!” என்று அலறினாள். முகம் முழுக்கக் கரி. கண் மட்டும் வெள்ளை. டிரம்முக்கும் கூண்டுக்கும் நடுவே இடைவெளி போதவில்லை என்று இடித்தாள். மறுபடி கட்டினாள். வெறும் செம்மண்ணில் பூசிய கூண்டு காய்ந்ததும் பிளந்தது. அதையும் இடித்தாள். உமியும் சாம்பலும் கலந்து பிசைந்து இன்னொரு தடவை கட்டினாள். “இவளுக்கு இதே பொழைப்பாப் போச்சு” என்று மாமியார் முணுமுணுத்தாலும், உமி சலித்துக் கொடுத்தது அவள்தான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை நேரம் மறுபடி மூட்டினாள். பனைமட்டையைச் சீவல் சீவலாகச் சொருகினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கூண்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. தூரத்தில் லாரி மேடேறுகிற சத்தம். பிரேமா பயந்து கிணற்றடிக்கு ஓடிவிட்டாள்.

“வெடிக்கப் போவுதுளா! வெளிய வா!”

“வெடிக்காதுக்கா. காத்தை உறிஞ்சுது. அந்தச் சத்தம்தான்.”

பிரேமா தூரத்தில் நின்றே குழாயின் முனையைப் பார்த்தாள். புகையே இல்லை. அடுப்பு எரிகிறது, புகை இல்லை! பிறந்ததிலிருந்து விறகடுப்பில் கண்ணைக் கசக்கியவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“புகை எங்களா போச்சு?”

“அதையும் சேத்து எரிச்சிட்டேன்க்கா!” என்று முத்துச்செல்வி கத்தினாள். காக்கை பறந்தது.

குழாய் முனையில் புகைக்குப் பதிலாக வெதுவெதுப்பான ஆவிதான் வந்தது. அது வெளிக்காற்றுப் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பச்சை மட்டை எரித்தால் அந்தத் தண்ணீரில் ஒரு புளிச்ச வாடையும் இருந்தது. சொட்டு விழுந்து சுவரின் அடிமண் கரைகிறதே என்று முத்துச்செல்வி அதற்கடியில் ஒரு வாளியை வைத்தாள்.

வைத்தது வாளிதான். வேறு ஒன்றும் அவள் செய்யவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே துணி காயவில்லை, சுவர் வியர்த்தது, அரிசியில் வண்டு விழுந்தது. புறவாசல் அறைக்குள் போனால் மட்டும் சித்திரை மாசம். முத்துச்செல்வி சிப்பத்தைப் பிரித்து இரண்டு கருப்பட்டியை ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவாள். ணங் ணங்கென்று கேட்கும். மாமியார் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய், மருமகளுக்குப் பிடித்த சீலாக்கருவாட்டை எடுத்து வறுத்தாள்.

அந்த நேரத்தில்தான் டிவியில் வடக்கே எங்கேயோ கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்த செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிடித்த சாமான்களை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். மண் பூசி அடைத்த டிரம். அதிலிருந்து குழாய். குழாய் முனையில் வாளி.

மறுநாள் கறிவேப்பிலை கேட்டுக் கொல்லைப்பக்கம் வந்த தங்கபுஷ்பம் முருங்கைமரத்தடியில் நின்றுவிட்டாள். மண் பூசிய டிரம் கதவு வழியாகத் தெரிந்தது. குழாய் தெரிந்தது. வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. புளிச்ச வாடை அடித்தது. அறை நிறையக் கருப்பட்டி. பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கருப்பட்டியை ஊறல் போட்டுக் காய்ச்சியதைப் பார்த்தவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. தங்கபுஷ்பம் கையை வாயில் வைத்துக்கொண்டு கறிவேப்பிலை பறிக்காமலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பிரேமா ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். பனையேறிப் பனையேறி முதுகு வளைந்த அய்யாக்குட்டி, காலிக் குடிதண்ணீர் பாட்டில் ஒன்றை வேட்டிக்குள் செருகிக்கொண்டு புறவாசலுக்கு வந்தார்.

“ஏளா செல்வி… நமக்கு ஒரு பாதி ஊத்து. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

முத்துச்செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணாச்சி, அது வெறும் ஆவித்தண்ணி. வேணும்னா வாயில விட்டுப் பாருங்க” என்று வாளியைக் காட்டினாள். அவர் விரலை விட்டு நக்கினார். முகம் கோணிப்போயிற்று. தூவென்று துப்பினார்.

பிரேமா நிம்மதியாக மூச்சுவிட்டாள். இந்த மனுஷன் போய்ச் சொன்னால் ஊர் வாய் அடங்கிவிடும். அவர் நேரே டீக்கடைக்குத்தான் போனார். போய்ச் சொன்னது இது: “இன்னும் பதம் வரலப்பா. நாலு நாளாவும்.”

“ஐயையோ, இந்தக் கெழடு இப்பிடியா சொல்லணும்!” என்று பிரேமா பதறினாள். முத்துச்செல்வி அதற்கும் சிரித்தாள். “சொல்லட்டும்க்கா. வாரவியளுக்கு எல்லாம் அடுப்பத் தெறந்து காட்டுதேன். ஊரு ஆயிரம் சொல்லும். எனக்கு அவிய ஒரு ஆளு நம்பினாப் போதும்.”

அவிய என்றால் விஜயராஜ். அந்த வாரம் போனில் அவன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. டூட்டி அதிகம் என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த சண்முகத்தாயின் கையிலிருந்து வாளி விழுந்து உருண்டது. ஏட்டு ஒருவர், பெண் போலீஸ் ஒருத்தர், டிரைவர். அந்தத் தெருவில், அந்த வீட்டு வாசலில், போலீஸ்! மாமனார் செத்த அன்றைக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடவில்லை. பிரேமா வாசல்படிக்கு வந்து நின்றாள். வாங்க என்று சொல்வதா, எதுக்கு வந்திய என்று கேட்பதா?

முத்துச்செல்விதான் முன்னால் போனாள். “வாங்க சார். அடுப்புப் பாக்கத்தான வந்திய? டிரம்மைத் தொட்டிராதீங்க, சுடும்.”

அவளே விறகை உருவிப்போட்டு, ஆறவிட்டு, மண்பூச்சைக் கரண்டியால் சுரண்டி டிரம்மைத் தூக்கிக் காட்டினாள். செங்கல் கூண்டு. சாம்பல். குழாய்க்குள் கையை விட்டார்கள். வாளித் தண்ணீரை மோந்தார்கள். பெண் போலீஸ் மூலைமுடுக்கெல்லாம் தேடினார். ஏட்டு வேர்த்துப்போய் நின்று, அறையைச் சுற்றிப் பார்த்து, “உள்ள என்னம்மா இப்பிடிக் காயுது?” என்றார். பிறகு ஒரு கருப்பட்டிச் சில்லை வாயில் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டார். “எங்க மாமனாருக்குக் கோழிப்பண்ணை இருக்கு. மழையில குஞ்செல்லாம் சாவுது. இதை அங்க வந்து கட்டித் தருவியாம்மா?”

கேஸ் இல்லை. எழுத்து இல்லை. கிளம்பும்போது பிரேமாதான் தைரியம் வந்து கேட்டாள்: “சார், யாரு சார் இப்பிடிச் சொன்னது?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. தூத்துக்குடியில இருந்து போன் வந்திச்சு. அவ்வளவுதான்.”

தூத்துக்குடியிலா? ஊருக்குள் யாராவது என்றால் நம்பலாம். தூத்துக்குடியில் இவர்களுக்கு என்ன பகை? கருப்பட்டிக் கடைக்காரரா? தங்கபுஷ்பத்தின் தம்பி ஒருவன் மில்லில் இருக்கிறானே, அவனா? பிரேமா மண்டையைக் குழப்பிக்கொண்டாள்.

“விடுங்கக்கா,” என்றாள் முத்துச்செல்வி, பெயர்த்த மண்ணைத் திரும்பப் பிசைந்துகொண்டே. “நாளைக்கு அவிய வாராவல்லா. தூத்துக்குடியில யாருன்னு அவிய விசாரிச்சுச் சொல்லிருவாவ.”

சனிக்கிழமை விஜயராஜ் வந்தான். அறைப்பக்கம் போகவில்லை. அடுப்பைப் பார்க்கவில்லை. சாப்பிட்டான், படுத்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் மாடித் தட்டடியில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். மத்தியானம் சண்முகத்தாய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். அய்யாக்குட்டியும் எதிர்வீட்டு ஆட்களும் முற்றத்தில் வந்து நின்றார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு, அதில் சூடம்.

பிரேமாவுக்கு ஒரு கணம் என்னவென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் விஜயராஜ் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது சின்ன விஷயமில்லை. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய்யாக அணைத்தால் வம்சம் விளங்காது என்பார்கள். அணைத்தவரை அதற்குப் பிறகு ஒரு ஆள் குறை சொல்லக் கூடாது. வரப்பு வெட்டினவன், ஆடு திருடினவன், இவர்களிடம் கேட்பார்கள். கட்டின பெண்டாட்டியிடம் புருஷன் கேட்டுப் பிரேமா கேள்விப்பட்டதே இல்லை.

“தம்பி, இது என்னது? போலீசே ஒண்ணுமில்லேன்னு போயிட்டாவ. அதுக்குப் பெறவு என்னத்துக்கு?” என்றாள்.

“மைனி, நீங்க சும்மா இருங்க. ஊரு வாயி அடங்கணும்லா?”

முத்துச்செல்வி அடுக்களை நிலையில் நின்றிருந்தாள். கையில் மாவு. தட்டைப் பார்த்தாள், முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

“ஏங்க, ஊருக்காகத்தான கேக்கிய?”

அவன் தலையை ஆட்டினானா, குனிந்தானா தெரியவில்லை.

“அணைச்சிருளா,” என்றாள் சண்முகத்தாய், கெஞ்சலாக. “ஒரு நொடி வேல. பெறவு எவ பேசுதான்னு நான் பாத்துக்கிடுதேன்.”

முத்துச்செல்வி மாவுக் கையை முந்தியில் துடைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. உதட்டோரத்தில் பழைய சிரிப்புகூடக் கொஞ்சம் இருந்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாமியார் சூடத்தைக் கொளுத்தினாள். முத்துச்செல்வி கையை விரித்துத் தூக்கினாள். அணைக்கத்தான் போனாள், பிரேமா எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் இதைச் சொல்லுவாள்.

அந்த நேரத்தில் விஜயராஜுக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. பெண்டாட்டியின் பக்கத்தில் குனிந்து, பிரியமாகத்தான், சமாதானமாகத்தான் சொன்னான்:

“பயப்படாத செல்வி. உன்னை விட்டுருவேனா? அன்னைக்குப் போலீசுக்குப் போன் போடும்போதே ஏட்டுகிட்ட சொல்லிட்டேன்லா, என்ன ஆனாலும் பொம்பளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவக் கூடாதுன்னு.”

கை அந்தரத்தில் நின்றது.

சொன்னவனுக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. முற்றத்தில் அய்யாக்குட்டி வாயைத் திறந்தபடி நின்றார். சண்முகத்தாய் மகனின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் இது புதிது.

“நீங்களா போன் போட்டிய?”

“ஊருப்பேச்சு ஹார்பர் வரைக்கும் வந்திட்டு. உள்ள போற பாஸைப் புதுப்பிக்கணும் செல்வி. போலீசு சர்டிபிகேட்டு கேக்கான். வீட்டுல கேஸ்னு வந்தா கிரேன் பக்கமே விடமாட்டான். வேற எவனாவது சொல்லி மாட்டுறதுக்கு முன்ன நாமளே சொல்லிட்டா எனக்குச் சம்பந்தமில்லன்னு ஆயிரும்லா…”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

அவன் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தான்.

“வீடியோ அனுப்பினேன். டிரம்மு வாங்கினது, மண்ணு பெசஞ்சது, எல்லாம் போட்டோ பிடிச்சு அனுப்பினேன். நீங்க பாக்கவே இல்லியா?”

சூடம் தட்டில் கொழுந்துவிட்டு எரிந்தது. முத்துச்செல்வி கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதை யாரோ ஒருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“ஏளா, அணையப் போவுது, அணைச்சிரு!” என்று சண்முகத்தாய் பதறினாள்.

“நான் அணைக்க மாட்டேன் அத்தை.”

அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. உள்ளே போய்ப் பையைக் கட்டுவாள், அழுவாள், அதற்குள் சமாதானம் பேசிவிடலாம் என்று பிரேமா நினைத்தாள். அவள் உள்ளே போகவில்லை. கட்டியிருந்த சேலையோடு, மாவு காய்ந்த கையோடு, திறந்து வைத்திருந்த வாசலைப் பார்த்து நடந்தாள். முற்றத்தில் நின்றவர்கள் விலகினார்கள். படியில் ஒரு கணம் நின்று திரும்பினாள். புருஷனைப் பார்க்கவில்லை.

“அக்கா, மழை மேலக்காட்டுல இருட்டுது. ராத்திரிக்கு முன்ன ரெண்டு மட்டை வச்சிருங்க. பச்சை மட்டை வேண்டாம்.”

பிரேமா தலையாட்டினாள். நானும் வாரேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

முத்துச்செல்வி படியிறங்கித் தெருவில் நடந்தாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. சாத்தான்குளம் மினிபஸ் நிற்கிற தெருமுக்கை நோக்கிப் போனாள். உள்ளே சூடம் எரிந்து தீர்ந்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. விஜயராஜ் அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்தவன் போல வாசலுக்கு ஓடிவந்தான். படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, “மைனி, என் செருப்பு எங்க?” என்று கேட்டான்.

பிரேமா அவனைப் பார்த்தாள். தெருமுனையில் மினிபஸ் ஆரன் அடித்தது.